மணலில் உறங்கும் நெருப்பு

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" என்று மேலதிகாரி மிரட்டினால், அந்தக் காலத்துச் சர்க்கார் உத்தியோகஸ்தர் நடுங்கிப் போவார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னால், அந்த அம்மாள் அவரைவிட ஒரு பங்கு அதிகமாக நடுங்குவாள். தண்ணியில்லாக் காடு என்றால் எந்த ஊர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் ஜில்லாதான்! கணவருக்கு அங்கே ஆபீஸ் இருக்கும், நாற்காலி இருக்கும். ஆனால் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடக்க வேண்டியவள் மனைவி அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், அந்த ஜில்லாவுக்குத் தண்ணீர் இல்லாமல் இல்லை. கிழக்கே பாக் ஜலசந்தி; தெற்கே மன்னார் வளைகுடா; இரண்டுக்கும் நடுவே ராமேஸ்வரம் தீவு. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான். ஆனால் ஒரு செம்பு மொண்டு குடிக்க முடியாது.

கடல் நீரைக் குடிநீராக்கும் வித்தையை மனிதன் கண்டுபிடிக்காமல் இல்லை. ராமநாதபுரம் ஜில்லாவிலேயே நரிப்பையூரில் 1990-களின் இறுதியில் அப்படி ஒரு நிலையத்தை அமைத்தார்கள். மெல்லிய சவ்வு ஒன்றின் வழியாக உப்பு நீரை அழுத்திச் செலுத்தினால், உப்பு பின்தங்கும், நல்ல நீர் முன்னே வரும். ஆனால் அப்படி அழுத்துவதற்குப் பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். பம்பு ஓட வேண்டுமானால் மின்சாரம் வேண்டும். ஆகவே, சகோதரிகளே, நம் வீட்டுக் குழாயும் சுவிட்சும் இரட்டைப் பிறவிகள். ஒன்றுக்கு ஜுரம் வந்தால் மற்றதும் படுத்துக்கொள்ளும்.

இனி வரும் காலத்தில் மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்ற கேள்வியை எஞ்சினியர்களிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. இது சமையலறைக் கேள்வி. ஆகையால் இந்த வாரம் அணு உலையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். பயப்படாதீர்கள், பால், தயிர், தோசைக்கல், உப்பு இவ்வளவு தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல.

ஒரு தாய் மிச்சம் பிடித்த மண்ணெண்ணெய்

ராமேஸ்வரத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் அவர்களை அறியாதவர் யார்? அவர் சிறுவனாக இருந்தபோது அந்த ஊர் வீடுகளில் மின்சார விளக்கு கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குதான், அதுவும் இரவு 7 மணி முதல் 9 மணி வரைதான் எரியும். ஆனால் படிப்பில் ஆர்வமுள்ள இந்தப் பிள்ளைக்கு மட்டும் 11 மணி வரை எரிவதற்குத் தாயார் ஒரு சிறு விளக்கைத் தனியாகக் கொடுத்தார்களாம். இதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இரண்டு மணி நேர வெளிச்சம்! அந்தத் தாயார் எந்தச் செலவைக் குறைத்து அந்த எண்ணெயை மிச்சம் பிடித்தார்களோ! அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளை ராக்கெட் செய்தார். நாட்டின் ஜனாதிபதியும் ஆனார். ஒரு வீட்டில் இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் விளக்கு எரிவதற்கும் எரியாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரியது.

இன்று ராமேஸ்வரத்தில் மின்சாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 2024-ஆம் ஆண்டுக் கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இனி அது ஏறுமே தவிர இறங்காது. ஃபான் இருந்த அறைக்கு ஏ.சி. வருகிறது, பெட்ரோல் ஸ்கூட்டர் போய் பாட்டரி ஸ்கூட்டர் வருகிறது. இவ்வளவுக்கும் எதை எரிப்பது?

பகலுக்குச் சூரியன், இரவுக்கு யார்?

இதுவரை நம் நாடு பெரும்பாலும் நிலக்கரியைத்தான் எரித்து வந்திருக்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் செய்தால் சுமார் 820 கிராம் கரியமில வாயு வானத்தில் கலக்கிறது என்று 2014-ல் சர்வதேசப் பருவநிலைக் குழு கணக்கிட்டுச் சொன்னது. தினம் 6 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 கிலோ! அரிசி என்றால் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத வாயு ஆகையால் நாம் கவலைப்படுவதில்லை.

நாம் கவலைப்படாவிட்டாலும் கடல் கவலைப்படுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றியுள்ள கடற்பகுதியை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே கடலுக்கு அடியில் பவளப் பாறைகள் பூத்துக் கிடக்கின்றன. பவளம் உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் கொடுக்கிறது. கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பவளங்கள் பெருவாரியாக வெளுத்தன. பவளம் போனால் மீனுக்கு வீடு போகும்; மீன் போனால் மீனவர் வீட்டில் உலை கொதிக்காது. அதே கடலில் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடல் சூடாவது அவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி அல்ல, கூலி விஷயம்.

இதே ஜில்லாவில் உப்பூரில் பெரிய அனல் மின்நிலையம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். கடலோர மக்கள் எதிர்த்தார்கள். 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கான சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது.

"சூரியன் இருக்கும்போது கரி எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரியான கேள்வி! ராமநாதபுரம் ஜில்லாவுக்கு ஆண்டவன் வஞ்சனை இல்லாமல் கொடுத்த ஒரே சொத்து வெயில். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள்! அப்போது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. தண்ணியில்லாக் காடு என்று ஏளனம் செய்யப்பட்ட பூமி ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

ஆனால் மாலை 6 மணிக்குமேல் சூரிய பகவான் லீவு போட்டுவிடுகிறார். நம் வீடுகளிலோ அப்போதுதான் விளக்கு, டெலிவிஷன், மிக்ஸி, ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஆரம்பமாகின்றன. பகலில் வந்ததைப் பெரிய பாட்டரிகளில் சேமித்து இரவில் செலவழிக்கலாம். அவற்றின் விலையும் வருஷா வருஷம் குறைந்துகொண்டுதான் வருகிறது. இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? பகலும் இரவும், மழையும் வெயிலும் பாராமல் புகையில்லாமல் எரியும் அடுப்பு ஒன்று வேண்டும். அந்த இடத்துக்கு நிற்கும் அபேட்சகர்களில் ஒருவர்தான் அணு உலை. அதே 2014-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் யூனிட்டுக்கு 12 கிராம்தான் கரியமில வாயு. அதுவும் உலையைக் கட்டுவது, சுரங்கம் தோண்டுவது எல்லாவற்றையும் சேர்த்து.

உறைமோர் ரகசியம்

ராமநாதபுரம் ஜில்லாவில் அணுமின் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் அதே கடற்கரையோடு வடக்கே போனால், சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், கல்பாக்கம் இருக்கிறது. அங்கே 1984-ல் சென்னை அணுமின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்திலேயே, வேறு மாதிரியான ஓர் உலையை எழுப்பியிருக்கிறார்கள். அதன் பெயர் 'முன்மாதிரி அதிவேக ஈனுலை'. ஈனுதல் என்றால் பெறுதல். பசு கன்று ஈனுவதுபோல் இந்த உலை தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே ஈனுகிறது. எரித்ததைவிட அதிகமாகவே ஈன வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்!

"இது என்ன கண்கட்டு வித்தை? ஒரு கட்டை விறகை எரித்தால் ஒன்றரைக் கட்டை விறகு மிஞ்சுமா?" என்று கேட்பீர்கள். விறகில் மிஞ்சாது. ஆனால் தயிரில் மிஞ்சும்! ராத்திரி ஒரு பாத்திரம் பாலில் ஒரு கரண்டி உறைமோர் விடுகிறீர்கள். காலையில் பாத்திரம் முழுவதும் தயிர். சாப்பிட்டது போக ஒரு கரண்டியை எடுத்து வைத்தால் நாளைக்கும் உறை தயார். பக்கத்து வீட்டு மாமிக்கு இரண்டு கரண்டி கடன் கொடுத்தாலும் நமக்குக் குறைவில்லை. பால் மட்டும் தீராமல் இருக்க வேண்டும்.

அணு உலகத்திலும் அப்படித்தான். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் நேரடியாக எரியக்கூடிய வகை 100-க்கு 1 பங்குகூட இல்லை, 0.7 சதவிகிதம்தான். மீதியெல்லாம் எரியாத 'பால்'. சாதாரண உலைகள் அந்தச் சிறு பங்கை எரித்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுகின்றன. ஈனுலையிலோ 'உறைமோர்' புளுட்டோனியம். அது பிளந்து எரியும்போது நியூட்ரான் என்ற சின்னஞ்சிறு துகள்கள் அதிவேகமாகச் சிதறுகின்றன. அவற்றில் சில அடுத்த புளுட்டோனியத்தைப் பிளந்து நெருப்பைத் தொடரச் செய்கின்றன. மற்றவை சுற்றிலும் அடுக்கியிருக்கும் எரியாத யுரேனியத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதையும் புளுட்டோனியமாக மாற்றுகின்றன. பால் தயிராகிறது!

கல்பாக்கத்து ஈனுலையின் சக்தி 500 மெகாவாட். முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். தினம் 6 யூனிட் செலவழிக்கும் 20 லட்சம் வீடுகளுக்குப் போதும்.

கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணல்

"பால் எங்கே கிடைக்கும்?" என்பதுதான் அடுத்த கேள்வி. நம் நாட்டில் யுரேனியம் குறைவு. ஆனால் வேறொரு பால் ஏராளமாக இருக்கிறது. அது கிடைப்பதும் நம் கடற்கரையில்தான்.

இப்போது ராமேஸ்வரத்திலிருந்து தெற்கே வாருங்கள். கன்னியாகுமரி தாண்டி மணவாளக்குறிச்சி. அந்தக் கரையில் மணல் கறுப்பும் செம்பழுப்புமாக மினுக்கும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், மலையாளக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தேங்காய்நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே 'மோனசைட்' இருந்தது. மோனசைட்டுக்குள் தோரியம் இருந்தது. அந்த மனிதர் ஜெர்மனியை விட்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து மணல் பிரிக்கும் ஆலை வைத்துவிட்டார்!

அப்போது தோரியம் எதற்கு? கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வருவார்களே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதில் வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும் வலை 'மாண்டில்' நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து மாண்டிலுக்கு அந்த ஒளியைக் கொடுத்தது தோரியம்தான். நம் கரை மணல் ஐரோப்பிய வீதிகளில் விளக்காக எரிந்தது.

இன்று இந்தியக் கரைகளில் 1 கோடியே 30 லட்சம் டன்னுக்கும் மேல் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. ஆனால் தோரியம் ஈர விறகு மாதிரி, தானாகப் பற்றாது. ஈனுலையின் அனலில் வைத்து எடுத்தால் அது யுரேனியம்-233 என்ற நல்ல விறகாக மாறும். ஹோமி பாபா 1954-லேயே இதை மூன்று படிகளாகத் திட்டம் போட்டார். முதல் படியில் சாதாரண உலைகள் புளுட்டோனியத்தைக் கொடுக்கும். இரண்டாம் படியில் ஈனுலைகள் அதைப் பெருக்கும். மூன்றாம் படியில் தோரியத்திலிருந்து வந்த எரிபொருள் நாட்டுக்கு விளக்கேற்றும். மூன்றாம் படியின் ருசியைப் பார்ப்பதற்கென்றே கல்பாக்கத்தில் 'காமினி' என்ற ஒரு குட்டி உலையை 1996-ல் ஏற்றினார்கள். யுரேனியம்-233 எரியும் அதன் சக்தி வெறும் 30 கிலோவாட் வெப்பம். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதுபோல!

உப்பின் தங்கை

ராமநாதபுரம் கரையில் வாலிநோக்கத்தின் உப்பளங்களைப் பார்த்தவர்கள் வெள்ளைக் குவியல்களை மறக்க மாட்டார்கள். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். அந்தச் சோடியத்தைத் தனியே பிரித்தால் வெள்ளி போன்ற மெத்தென்ற உலோகம். இதுதான் ஈனுலையின் உயிர்நாடி, ஆபத்தும் இதுதான்.

சாதாரண உலைகளில் வெப்பத்தை எடுத்துப் போவது தண்ணீர். ஆனால் தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் குறைந்தால் உறை சரியாகத் தோயாது. ஆகவே தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகுகிறது. 883 டிகிரி வரை கொதிப்பதில்லை. பிரஷர் குக்கரைப்போல் அழுத்தி மூட வேண்டிய அவசியம் இல்லை. அது நல்ல குணம். கெட்ட குணம், ஹைஸ்கூல் ரசாயன வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். சோடியத் துண்டை மண்ணெண்ணெய்க்குள் ஏன் வைத்திருந்தார்கள்? காற்றுப் பட்டால் கெடும். தண்ணீரில் போட்டால் பற்றி எரியும்.

ஜப்பானில் 'மோஞ்சு' என்ற ஈனுலையில் 1995-ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அந்த உலை தலை நிமிரவே இல்லை. 2016-ல் மூடுவதென்று முடிவு செய்தார்கள். பிரான்ஸும் தன் பெரிய ஈனுலையை 1990-களின் இறுதியில் கைவிட்டது. ரஷ்யாவோ 1980-லிருந்து ஓர் ஈனுலையையும், பிறகு அதைவிடப் பெரிய ஒன்றையும் ஓட்டிக் காட்டியிருக்கிறது. நம் கல்பாக்கத்தில் சிறிய சோதனை ஈனுலை ஒன்று 1985-ல் முதன்முதலாக இயங்கியது. இந்தப் பழக்கத்தில்தான் பெரியதைக் கட்டத் துணிந்தார்கள். அதில் உலைக்குள் இருக்கும் சோடியம் தண்ணீர்ப் பக்கமே போகாது. அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ள நடுவில் இன்னொரு சோடியச் சுற்று உண்டு. பாத்திரத்துக்கு வெளியே ஒரு காவல் பாத்திரமும் உண்டு.

அடுப்பை அணைத்தாலும் கல் சுடும்

தோசை வார்த்து முடித்து அடுப்பை அணைத்துவிட்டீர்கள். உடனே கல்லில் கை வைப்பீர்களா? அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய அந்தக் கணத்திலும் முழு வெப்பத்தில் 6, 7 சதவிகிதம் பாக்கி இருக்கும். அதைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நடந்தது இதுதான். பூகம்பம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன. ஆனால் பின்னால் வந்த ஆழிப்பேரலை, பம்புகளை ஓட்டும் ஜெனரேட்டர்களை மூழ்கடித்துவிட்டது. கல் தணியவில்லை, உருகியது.

நம் கரைக்கும் ஆழிப்பேரலை புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று அது கல்பாக்கத்திலும் புகுந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அப்போதுதான் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்த ஈனுலையின் பள்ளத்தில் கடல் நிறைந்தது. 1964-ல் தனுஷ்கோடியையே புயல் விழுங்கியதை ராமேஸ்வரத்துக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடலோரத்தில் வீடு கட்டுகிறவன் கடலை மறக்கக் கூடாது.

ஆகவேதான் இந்தப் புது உலைகளில் ஒரு யோசனை செய்திருக்கிறார்கள். மின்சாரமே போய்விட்டாலும், சூடான சோடியம் தானாக மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். வெளிக் காற்றே வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். பம்பு ஓட வேண்டியதில்லை. கடல் நீரை நம்ப வேண்டியதில்லை. 'முன்னேறிய உலை' என்றால் அதிகச் சக்தி உள்ளது என்று மட்டும் பொருளல்ல. ஆள் தூங்கிவிட்டாலும் தானே தணிந்துகொள்ளும் அடுப்பு என்று பொருள்.

இடிந்தகரைப் பெண்கள் கேட்டது

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பிறகு என்ன, கட்டிவிட வேண்டியதுதானே!" என்று சொல்வது சுலபம். ஆனால் உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கப் போவது யார்?

மன்னார் வளைகுடாவின் தென்மேற்குக் கரையில் கூடங்குளம். அங்கே ரஷ்ய உதவியுடன் 1,000 மெகாவாட் உலைகளைக் கட்டியபோது, 2011-ல் பக்கத்து இடிந்தகரையில் மீனவ மக்கள் திரண்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். பந்தலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். அந்த நவம்பரில் ராமேஸ்வரத்து மீன்வாசனை அறிந்த அப்துல் கலாமே கூடங்குளத்துக்குப் போய்ப் பார்த்து, உலை பாதுகாப்பானது என்று சொன்னார். சுற்றுவட்டார மக்களுக்காக 200 கோடி ரூபாயில் வளர்ச்சித் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். ஆனால் அந்தப் பெண்களின் பயம் தீரவில்லை. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2013 மே மாதம் உலையை இயக்கலாம் என்று தீர்ப்பளித்த கோர்ட், பாதுகாப்புக்காக 15 கட்டளைகளையும் சேர்த்தே விதித்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? விஞ்ஞானியின் கணக்கு ஒன்று. தாயின் கணக்கு வேறொன்று. "ஆபத்து வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு" என்கிறார் விஞ்ஞானி. "வந்தால் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாதையில் ஓடுவேன்?" என்று கேட்கிறாள் தாய். இரண்டாவது கேள்வி அறியாமையால் வந்ததல்ல. அதற்கு முதலிலேயே பதில் சொல்லியிருந்தால் அந்தப் பந்தலே போட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

மணலுக்கும் இதே கதைதான். கன்னியாகுமரி ஜில்லாவில் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட தாது மணல் எடுக்கும் திட்டத்தை அங்குள்ள மக்கள் 2024-ல் பலமாக எதிர்த்தார்கள். கரையைத் தோண்டினால் கடல் உள்ளே வருமே, கதிரியக்கத்தால் நோய் வருமே என்பது அவர்கள் கவலை.

எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல் விஷயம் வேறு இருக்கிறது. அணுச் சாம்பலைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலங்களில் அடைத்துக் காக்கிறார்கள். புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். பயன்படுத்திய எரிபொருளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஈனுலையில் எரித்துவிடலாம் என்பது இந்த முறையின் பெரிய லாபம். அதற்கான ஆலை ஒன்றும் 2024 ஜனவரியில் கல்பாக்கத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. ஆனாலும் எல்லாச் சாம்பலும் எரிந்துவிடாது. மிஞ்சுவதை நம் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் காவல் காக்க வேண்டும்.

வீட்டுக்காரி கேட்க வேண்டிய கணக்கு

இனி செலவுக் கணக்கு. கல்பாக்கத்து ஈனுலைக்கு 2003-ல் அனுமதி கொடுத்தபோது மதிப்பு 3,492 கோடி ரூபாய். 2010-ல் தயாராகிவிடும் என்றார்கள். மதிப்பு பின்னர் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலை பிரதமர் முன்னிலையில் தொடங்கியது 2024 மார்ச் 4-ஆம் தேதி! எரிபொருள் வைப்பதற்கு அந்த ஜூலையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி கொடுத்தது. வைப்பது, பற்றவைப்பது, மெதுவாக வேகம் கூட்டுவது என்று ஒவ்வொரு படியும் சோதனைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். நிதானம் நல்லதுதான். ஆனால் ஓர் உலைக்கு 20 வருஷம் என்றால், கடல் சூடாவது அதுவரை காத்திருக்குமா? கமுதியில் 648 மெகாவாட்டுக்குத் தகடு விரிக்க ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மத்திய சர்க்கார் 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், தொழிற்சாலையில் பாகங்களைச் செய்து கொண்டுவந்து பூட்டக்கூடிய சிறிய உலைகளுக்காக 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2033-க்குள் ஐந்தையாவது ஓட்ட வேண்டும். 2047-க்குள் அணு மின்சாரம் மொத்தம் 1,00,000 மெகாவாட் ஆக வேண்டும் என்பது குறி. குறி பெரிதுதான். கைக்கு எட்டினால் நமக்கு என்ன லாபம் என்பதற்குக் கல்பாக்கத்திலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. அங்கே பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் அணுமின் நிலையத்தோடு இணைத்து ஒரு குடிநீர் ஆலை அமைத்தார்கள். கடல் நீரிலிருந்து நாள் ஒன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நல்ல நீர் எடுக்கும் சக்தி அதற்கு உண்டு. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 4,20,000 குடம்! தண்ணியில்லாக் காட்டில் இடுப்பு ஒடிய நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஆகையால், நேயர்களே, "அணு உலை வேண்டும்" என்று கோஷம் போடவும் வேண்டாம். "வேண்டவே வேண்டாம்" என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். ஒரு நல்ல குடும்பத் தலைவி ஒரே தானியத்தை நம்பி வருஷத்தை ஓட்டுவாளா? பகலுக்குக் கமுதி வெயில் இருக்கட்டும்; பாட்டரி வளரட்டும்; காற்றாலை சுழலட்டும். அவற்றுக்குத் துணையாக, இரவிலும் மழையிலும் எரிய, மணலில் உறங்கும் அந்த நெருப்பையும் தட்டி எழுப்பிப் பார்க்கலாம். ஆனால் எழுப்புகிறவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருங்கள். சொன்ன தேதிக்கு, சொன்ன விலைக்கு வருமா? சாம்பலை யார், எத்தனை தலைமுறை காப்பார்கள்? பக்கத்தில் குடியிருக்கும் மீனவப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா?

உறை குத்திய பாலை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து கிளறினால் தயிர் தோயாது. அதற்காகப் பொழுது விடிந்த பிறகும் மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்கிற வீட்டுக்காரி எந்த ஊரில் இருக்கிறாள்?